பக்கத்துப் பேனல்கள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, உதவி தேவை (லினக்ஸ் டெஸ்க்டாப் சூழல் எக்ஸ்எஃப்சிஇ 4.18)

தும்பி:
மேல் விளிம்பில் 30 பிக்சல் உயரத்தில் ஒரு பேனல் (ஐகான்களும் பொத்தான்களும் இருக்கும் பட்டை). மெனு, திறந்திருக்கும் சாளரங்கள், கடிகாரம் எல்லாம் அதில். இடது விளிம்பில் நெடுக்காக இன்னொன்று, தினமும் திறக்கும் மென்பொருள்களுக்காக. இரண்டும் சந்திக்கும் மூலையில் நெடுக்குப் பேனல் மெனு பொத்தானை மூடிக்கொள்கிறது, பாதிப் பொத்தான்தான் தெரிகிறது. நீளத்தைக் குறைத்தால் பேனல் நடுவுக்குப் போய், மேலேயும் கீழேயும் இடைவெளி விழுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இடப்பக்கம் இரண்டாவது திரை இணைத்த பிறகு, பெரிதாக்கிய சாளரம் நெடுக்குப் பேனலுக்கு அடியில் போய்விடுகிறது. எடிட்டரில் வரி எண்களே மறைந்துவிடுகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

கொக்கி:
இல்லை, இரண்டும் வேறு வேறு. மூலையை முதலில் பார்ப்போம். ஒரு பேனல் தன் நீளத்தைத் திரையை வைத்துத்தான் கணக்கிடுகிறது, பக்கத்தில் இன்னொரு பேனல் இருப்பதைப் பார்ப்பதில்லை. அதனால் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

பேனல் அமைப்புகளில் நெடுக்குப் பேனலைத் தேர்ந்தெடுத்து 'லாக் பேனல்' டிக்கை எடுங்கள். இரு முனையிலும் பிடி தெரியும். உங்கள் திரையின் உயரம் 1080 என்றால், மேல் பேனலின் 30ஐக் கழித்து நீளத்தை 1050 ஆக்குங்கள். அப்புறம் பிடியைப் பிடித்து கீழ் மூலைக்கு இழுங்கள். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். விளிம்பின் நடுவில் ஒட்டியிருக்கும் பேனல் இரு பக்கமும் சுருங்கும், மூலையில் ஒட்டியிருந்தால் மறுமுனை மட்டும் சுருங்கும். 'நீளத்தைத் தானாகக் கூட்டு' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐகான்கள் கூடக் கூட மறுபடியும் மெனு மேல் ஏறும். முடிந்ததும் பூட்டிவிடுங்கள்.

4.18க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு: அதில் நீளம் பிக்சலில் இல்லை, சதவீதத்தில்தான். 1080க்கு 97% போட்டால் சுமார் 32 பிக்சல் காலியாகும், தேவை 30தான் என்பதால் ஒரு மெல்லிய இடுக்கு தெரியத்தான் செய்யும்.

அலைவரிசை:
சாளரம் அடியில் போவதற்குக் காரணம் இரண்டாவது திரைதான். எக்ஸ்11இல் (லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பு) பேனல் தனக்கென்று இடம் ஒதுக்கும்போது, எல்லாத் திரைகளும் சேர்ந்த மொத்தப் பரப்பின் வெளி விளிம்பிலிருந்துதான் அளவு கொடுக்க முடியும். உங்கள் பேனல் இருப்பதோ இரு திரைகளுக்கும் நடுவில். அங்கிருந்து இடம் ஒதுக்கினால் இடப்பக்கத் திரை முழுவதையும் சேர்த்தே ஒதுக்க வேண்டிவரும். அதனால் ஒதுக்குவதே இல்லை. நெடுக்குப் பேனலை வலது வெளி விளிம்புக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

எனக்கு இதில் இன்னொரு லாபமும் தெரிகிறது. வெளி மூலையில் சுட்டி முட்டி நிற்கும், குறி பார்க்காமல் தள்ளினாலே போதும். இடது மூலையில் இப்போது அது பக்கத்துத் திரைக்குள் வழுக்கிப் போகும். அதனால் மெனுவையும் மேல் பேனலின் வலது முனைக்கு மாற்றிப் பாருங்கள். சில நாள் கை பழைய இடத்துக்கே போகும், அப்புறம் பழகிவிடும்.

தும்பி:
இரண்டும் வேலை செய்தன, மிக்க நன்றி! வலது கீழ் மூலையில் ஒட்டி 1050 வைத்தேன், கச்சிதமாகப் பொருந்துகிறது. வரி எண்களும் தெரிகின்றன. மெனுவை இன்னும் மாற்றவில்லை. ஒரு சின்னக் கேள்வி: கீழ் விளிம்பில் இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று இரு பேனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா?

கொக்கி:
வைக்கலாம், ஆனால் நான் வைக்க மாட்டேன். ஒன்று வளர்ந்தால் மற்றதை மூடும். ஒரே பேனல் போட்டு நடுவில் ஒரு செப்பரேட்டர் (ஐகான்களைப் பிரிக்கும் இடைவெளி) சேருங்கள். அதன் பண்புகளில் தோற்றத்தை 'டிரான்ஸ்பேரன்ட்' ஆக்கி 'எக்ஸ்பாண்ட்' டிக் செய்தால், இடது ஐகான்கள் இடதிலும் வலது ஐகான்கள் வலதிலும் ஒதுங்கிக்கொள்ளும். எத்தனை ஐகான் சேர்த்தாலும் நடுவில் உள்ள வெற்றிடம்தான் குறையும்.