ஒரே ஐலாக், இரண்டு கணினி: வாத்தியங்களைத் தனிப் பெட்டியில் வைத்து லேன் வழியாக வாசித்தால் கரகரப்பு. உதவி தேவை

இசைமணி_கோவை:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறும்படங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் வீட்டிலேயே இசை சேர்க்கிறேன். வீட்டில் ஒரு டெஸ்க்டாப், அதில் இசைப் பதிவு மென்பொருளான கியூபேஸ் 13. பாடுபவர் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்ய ஒரு லேப்டாப். ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் லைப்ரரிகள் (நிஜ வாத்தியங்களை வாசித்துப் பதிவு செய்த ஒலித் தொகுப்புகள்) எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. அவற்றின் லைசென்ஸ் முழுவதும் ஒரே ஒரு ஐலாக் டோங்கிளில், அதாவது யூஎஸ்பியில் செருகும் சாவி மாதிரியான ஒரு துண்டில், இருக்கிறது. இதுவரை அதைப் பிடுங்கிப் பிடுங்கி இரண்டு கணினிக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். போன மாதம் லேப்டாப்பைப் பைக்குள் தள்ளும்போது டோங்கிள் அதிலேயே செருகியிருந்தது, துளையோடு வளைந்துவிட்டது. உடையவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு வருஷமாகச் சேர்த்ததெல்லாம் அந்தச் சின்னத் துண்டுக்குள்தானே இருக்கிறது.

அதனால் பழைய கணினி ஒன்றை வாங்கி, 64 ஜிபி ரேம், 2 டிபி எஸ்எஸ்டி போட்டு, வாத்தியங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். டோங்கிள் இனி அதன் பின்பக்கம்தான் இருக்கும். வாத்தியங்களை வேறு கணினியில் ஓட்ட உதவும் வியன்னா என்சம்பிள் புரோ 7 மென்பொருள் அந்தப் பெட்டியில் ஓடுகிறது, கியூபேஸ் லேன் வழியாக அதோடு பேசுகிறது. நடுவில் ஒரு சுவிட்ச்.

இப்போது மூன்று சிக்கல்கள்.

முதலாவது, 25 ஸ்டீரியோ சேனல் வரை சுத்தமாக வருகிறது. 30 பக்கம் போனால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் கரகரக்கிறது. பெட்டியின் சிபியு 35 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இரண்டாவது, ஒரு பழைய பாட்டைத் திறந்தால் மட்டும் டெஸ்க்டாப்பில் "லைசென்ஸ் இல்லை" என்று வருகிறது. மற்ற பாட்டுகள் ஒழுங்காகத் திறக்கின்றன.

மூன்றாவது, லேப்டாப்பையும் இதே பெட்டியோடு இணைத்தால் அதற்கென்று லைப்ரரி லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டுமா?

தவில்_திருச்சி:

சிபியு சும்மா இருக்கும்போது கரகரத்தால் நெட்வொர்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது? இரண்டு கணினியில் ஏதாவது ஒன்று வைஃபையில் இருக்கிறதா?

பெட்டிக்காரர்:

தம்பி, லைசென்ஸ் கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன். டோங்கிள் வளைந்த கதையைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, எனக்கும் அந்தப் பயம் பழக்கம்தான்.

வாத்தியம் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியில்தான் லைசென்ஸ் இருக்க வேண்டும். லேன் வழியாக லைசென்ஸ் போவதில்லை. கியூபேஸிலிருந்து மிடி (எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற கட்டளை) போகிறது, பெட்டியிலிருந்து ஒலி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதனால் லேப்டாப்புக்கு லைப்ரரி லைசென்ஸ் தனியாக வேண்டாம். என்சம்பிள் புரோவுக்கும் இதே கணக்குத்தான், சர்வர் ஓடும் கணினிக்கு ஒரு லைசென்ஸ் போதும். டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் இணைக்கும் பிளக்-இன்னை (கியூபேஸுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது சிக்கலும் இதிலேயே இருக்கிறது. அந்தப் பழைய பாட்டில் ஏதோ ஒரு டிராக்கில் வாத்தியம் இன்னும் கியூபேஸுக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும். டோங்கிள் பக்கத்து அறைப் பெட்டிக்குப் போய்விட்டது, டெஸ்க்டாப் தன்னிடம் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறது. டிராக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், மறைத்து வைத்தவற்றையும் சேர்த்து.

உங்கள் கியூபேஸுக்கு டோங்கிள் வேண்டாம். 2022இல் கியூபேஸ் 12 வந்தபோதே அதைத் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் இணையக் கணக்கு வழி லைசென்ஸ் முறைக்கு மாறிவிட்டார்கள், ஒரே நேரத்தில் மூன்று கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். கியூபேஸ் மாதிரியே இன்னொரு பதிவு மென்பொருளான புரோ டூல்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கவனியுங்கள். அதுவும் ஐலாக்கைத்தான் கேட்கும். இருக்கும் டோங்கிளைப் பெட்டியில் செருகிவிட்டால் புரோ டூல்ஸ் லைசென்ஸை வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஐலாக்கில் மூன்று இடங்கள் உண்டு: டோங்கிள், கணினி, கிளவுட். கிளவுடில் வைத்தால் வேலை முடியும்வரை இணையம் அறுபடக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் திறக்கலாம். கணினியில் வைத்தால், விண்டோஸை அழித்து மறுபடி போடுவதற்கு முன் மறக்காமல் டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். மூன்று இடத்தையும் எல்லா நிறுவனங்களும் அனுமதிப்பதில்லை. எது எதற்கு இடம் உண்டு என்று ஐலாக் லைசென்ஸ் மேனேஜரிலேயே பார்க்கலாம்.

வாத்தியத்துக்கென்று தனிப் பெட்டி வைப்பது புதுசு இல்லை. 2000களில் மியூஸ் ரிசர்ச் நிறுவனம் ரிசெப்டர் என்று ரேக்கில் மாட்டும் ஒரு பெட்டி விற்றது. உள்ளே லினக்ஸ், அதன் மேல் விண்டோஸ் விஎஸ்டி பிளக்-இன்கள். யூனிவயர் என்ற பிளக்-இன் மூலம் ஒரே ஈதர்நெட் கம்பியில் மிடி போய் ஒலி திரும்பும். நீங்கள் இன்று செய்வதும் அதேதான். பழைய ரிசெப்டர் எங்காவது விலைக்கு வந்தால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அதற்கென்று சரிபார்த்த பிளக்-இன்கள்தான் அதில் ஒழுங்காக ஓடும்.

கணினிக்கு வெளியே மாட்டும் யுஏடி-2 சாட்டிலைட் என்ற பெட்டி வாங்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதில் லைசென்ஸ் பெட்டியோடு சேர்ந்தே வருவது உண்மைதான், எந்தக் கணினியில் செருகினாலும் உங்கள் பிளக்-இன்கள் கூடவே வரும். ஆனால் கம்ப்ரஸர், ரிவெர்ப் மாதிரி அதற்கென்றே எழுதிய பிளக்-இன்கள்தான் அதன் சிப்பில் ஓடும். உங்கள் ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி அங்கே ஓடாது. வேவ்ஸின் சவுண்ட்கிரிட் சர்வரும் இப்படித்தான். அவை மிக்ஸிங்குக்கு நல்லவை, உங்கள் தேவை வேறு.

இசைமணி_கோவை:

அண்ணே, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னதுபோலவே இருந்தது. மறைத்து வைத்திருந்த ஒரு டிராக்கில் சோலோ வயலின், கியூபேஸுக்குள்ளேயே கிடந்தது. பெட்டிக்கு மாற்றியதும் லைசென்ஸ் தொல்லை போய்விட்டது.

திருச்சி நண்பருக்கு: இரண்டும் கம்பியில்தான் இருக்கின்றன, வைஃபை இல்லை. இணைப்பு வேகம் டெஸ்க்டாப்பில் 1000/1000, பெட்டியில் 100/100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. ஒலிக்கு 100 போதாதா? வீட்டு இணையமே 50தான், அதில் படமெல்லாம் நன்றாக ஓடுகிறதே.

தவில்_திருச்சி:

அதுதான் விஷயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையத்தில் வரும் படமும் பாட்டும் சுருக்கி அனுப்பப்படுபவை. இங்கே ஒலி சுருக்காமல் வருகிறது. ஒரு ஸ்டீரியோ சேனலை 48,000 சாம்பிள், 32 பிட் என்று எடுத்துக்கொண்டால்:

48,000 × 32 × 2 = 30,72,000 பிட், ஒவ்வொரு விநாடிக்கும்.

அதாவது சேனலுக்கு 3.07 எம்பிபிஎஸ். 25 சேனலுக்கு ஏறக்குறைய 77. 30 சேனலுக்கு 92. 32 சேனலுக்கு 98. பாக்கெட் தலைப்புகளுக்கும் கொஞ்சம் இடம் போகும். அதோடு இது ஒரே சீராக ஓடுவதில்லை, ஒவ்வொரு பஃபருக்கும் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் சிறு துண்டு) ஒரு கொத்தாக வந்து விழும். 25 வரை சுத்தம், 30இல் கரகரப்பு என்று நீங்கள் எழுதியதும் இந்தக் கணக்கும் அச்சாகப் பொருந்துகின்றன.

இனி பெட்டியில் ஏன் 100 என்று பார்க்க வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். மற்ற இரண்டில் ஒரே ஒரு கம்பி தொடாவிட்டாலும் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எல்லாம் இணைந்த மாதிரியே இருக்கும். பெட்டி பழசு என்றீர்கள், அதன் கார்டே 100 தானா என்று முதலில் பாருங்கள். கார்டு ஜிகாபிட் என்றால் கேபிளை மாற்றுங்கள்.

புதுமெட்டு:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். இவ்வளவு சிரமப்படாமல் யூஎஸ்பியை நெட்வொர்க்கில் பகிரும் மென்பொருள் போட்டு, ஒரே டோங்கிளை இரண்டு கணினிக்கும் காட்ட முடியாதா?

பெட்டிக்காரர்:

வேண்டாம். லைசென்ஸ் சரிபார்ப்பு நடுவில் தடுமாறினால் பாட்டு அங்கேயே நிற்கும், அது ஒரு பக்கம். ஒரு டோங்கிள் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்கு என்ற நிபந்தனையோடுதான் அந்த லைப்ரரி நமக்கு விற்கப்பட்டது. யாரோ ஒரு வயலின்காரர் நாள் கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, வேகமாக, அழுத்தி, தடவி என்று பல முறை வாசித்துக் கொடுத்த உழைப்பு அது. நாமும் வாசித்துப் பிழைப்பவர்கள்தான். தனிப் பெட்டி முறையில் நிபந்தனையும் மீறப்படாது, டோங்கிளையும் அசைக்க வேண்டாம்.

செலவுதான் யோசனை என்றால் ஆடியோகிரிடர் என்று ஒரு இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. அதுவும் பிளக்-இன்னை வேறொரு கணினியில் ஓட்டி ஒலியை இங்கே கொண்டுவரும். பெரிய ஆர்கெஸ்ட்ரா அமைப்புக்கு என்சம்பிள் புரோ வசதியானது. ஐந்தாறு வாத்தியம் என்றால் இலவசத்திலேயே தொடங்குங்கள்.

ஸ்டைன்பெர்க்கின் பழைய ஈலைசென்சர் டோங்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சேவை 2025 மே 20ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதில் மிச்சமிருக்கும் லைசென்ஸை இனி வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. அந்த டோங்கிளைப் பத்திரமாக ஒரே கணினியில் விட்டுவிடுங்கள்.

இசைமணி_கோவை:

நண்பர்களே, கிடைத்துவிட்டது!

பெட்டியின் கார்டு ஜிகாபிட்தான். அதிலிருந்து சுவிட்சுக்கு வரும் கேபிள், வீட்டுக்கு இணையம் போட்டபோது மிச்சமான கம்பியில் ஒருவர் தலை (முனையில் செருகும் பிளக்) அடித்துக் கொடுத்தது. கைப்பேசி வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடித் தலையை உற்றுப் பார்த்தேன். ஏழு கம்பி முனை வரை போய்ப் பித்தளைப் பல்லுக்கு அடியில் இருக்கிறது. ஓரத்துப் பழுப்புக் கம்பி மட்டும் ஒரு நூல் குட்டையாக, பல்லைத் தொடாமல் நிற்கிறது. அந்த ஒரு நூலுக்காக மூன்று வாரம் பஃபரை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

கடையிலிருந்து தலை போட்டே வரும் கேட் 6 கேபிள் வாங்கி மாட்டினேன். 1000/1000. இப்போது 44 ஸ்டீரியோ சேனல் ஓடுகிறது, ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். கீபோர்டில் வாசிக்கும்போது ஒலி கொஞ்சம் பின்தங்குகிறது. அப்புறம் லேப்டாப்பை வெளியே கொண்டுபோகும்போது என்ன செய்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தவில்_திருச்சி:

நல்ல செய்தி! சுவிட்சில் வேறு எதுவும் இல்லை என்றால் அதையும் எடுத்துவிட்டு ஒரே கேபிளில் நேராக இணைக்கலாம். ஒரு பக்கம் 192.168.10.1, மறுபக்கம் 192.168.10.2, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. இணையம் வைஃபையில் வரட்டும். இரண்டு கணினியை நேராக இணைக்க முன்பு தேவைப்பட்ட கிராஸ் கேபிள் இன்றைய கார்டுகளுக்கு வேண்டாம்.

பின்தங்குவதற்குக் காரணம் என்சம்பிள் புரோ பிளக்-இன்னில் இருக்கும் பஃபர் எண்ணிக்கை. கியூபேஸில் 256 சாம்பிள் வைத்து, பிளக்-இன்னில் 2 பஃபர் என்றால் 512 சாம்பிள் கூடும். 48,000இல் அது 10.7 மில்லி விநாடி. வாசித்துப் பதிவு செய்யும்போது 128 சாம்பிள், 1 பஃபர் என்று வையுங்கள், 2.7தான் கூடும். மிக்ஸுக்கு வந்தபின் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம்.

பெட்டிக்காரர்:

வெளியே போவதற்கு: கிளம்புமுன் வீட்டிலேயே வாத்திய டிராக்குகளை ரெண்டர் இன் பிளேஸ் போட்டு ஒலியாக்கிவிடுங்கள். மிடி டிராக்கை அழிக்காமல் அணைத்து மட்டும் வையுங்கள். லேப்டாப்பில் திறந்தால் வெறும் ஆடியோதான் ஓடும், டோங்கிளும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். பாடகர் சுருதியை மாற்றச் சொன்னால் அங்கே திண்டாட்டம்தான், அதனால் சுருதியை முதல் நாளே ஃபோனில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே, கணினியிலேயே ஆக்டிவேட் செய்ய அனுமதிக்கும் ஒரு பியானோ இருந்தால் அதை லேப்டாப்புக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே சமாளிக்க அது போதும்.

ஒரு எச்சரிக்கை. பாட்டுக்குப் பாட்டு லைப்ரரியை மறுபடி ஏற்றாமல் இருக்கப் பிளக்-இன்னில் பிரிசர்வ் போடுவீர்கள், அது சரி. சேவ் வேகமாக ஆகட்டும் என்று டீகப்பிள் போட்டால் மட்டும் கவனம். அப்போது பெட்டியில் இருக்கும் அமைப்பு கியூபேஸ் கோப்புக்குள் சேமிக்கப்படாது. பெட்டிப் பக்கம் போய்த் தனியாக சேவ் செய்ய வேண்டும். ஒரு முறை கரண்ட் போய் அப்படியே ஒரு நாள் வேலையை இழந்தேன், தம்பி. பெட்டிக்கும் ஒரு யுபிஎஸ் போட்டுவிடுங்கள்.

இசைமணி_கோவை:

128, 1 பஃபர் வைத்துப் பார்த்தேன், கைக்கும் காதுக்கும் இடைவெளியே தெரியவில்லை. டீகப்பிளை எடுத்துவிட்டேன். யுபிஎஸ் சனிக்கிழமை வருகிறது. ஞாயிறு பாடகர் வீட்டில் பதிவு, இன்று காலையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். நாலரைக் கட்டை என்றார், நான் ஐந்தில் போட்டு வைத்திருந்தேன். மாற்றிவிட்டு ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.