குடல் அழற்சி நோயை முன்கூட்டியே அறிய எதிர்ப்பொருள் பரிசோதனை போதுமா?

கேள்வி:
என் அண்ணனுக்குக் கிரோன் நோய் எனும் குடல் அழற்சி நோய் உறுதியாகியுள்ளது. எனக்கும் சில மாதங்களாக அவ்வப்போது வயிற்றுவலியும் கழிச்சலும் வருகின்றன. எடை குறையவில்லை, மலத்தில் இரத்தமும் இல்லை. இரத்தத்தில் ஆஸ்கா, பி-ஆங்கா எனும் எதிர்ப்பொருள்களைப் பார்த்தால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம் என்று படித்தேன். பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குப் பதிலாக அதைச் செய்துகொள்ளலாமா?

பதில் 1:
நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. 2005இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்று, படையினரிடமிருந்து எடுத்துச் சேமித்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்து, பிற்காலத்தில் கிரோன் நோய்க்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே ஆஸ்கா இருந்ததைக் காட்டியது. எஞ்சிய பெரும்பான்மையினரிடம் அது இல்லை என்பதும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. மேலும், கிரோன் நோயாளிகளின் நலமான உறவினர் சிலரிடமும், கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் சிலரிடமும் ஆஸ்கா காணப்படும். ஆகவே, முடிவு எப்படி வந்தாலும் அதை மட்டும் வைத்து மருத்துவர் எதையும் உறுதிசெய்யவோ விலக்கவோ இயலாது.

பதில் 2:
முதலில் கேட்க வேண்டியது மலக் கால்புரோடெக்டின் பரிசோதனை. நியூட்ரோஃபில் வெள்ளணுக்களில் மிகுதியாக உள்ள இந்தப் புரதம், அவை அழற்சியுற்ற குடற்சுவரில் திரண்டு குடலுக்குள் கசியும்போது மலத்தில் கலக்கிறது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் அழற்சி நோய்க்கான வாய்ப்பு குறைவு. 250ஐத் தாண்டினால் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடுவது சரியன்று. இடைப்பட்ட அளவுதான் குழப்பம் தருவது. பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளும் குடல் தொற்றும் இந்த அளவை உயர்த்தும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுகுடலில் மட்டும் கிரோன் நோய் இருந்தால் அளவு அவ்வளவாக உயராமலும் போகலாம். உங்கள் குடும்பப் பின்னணியில் இதை மறக்கக் கூடாது.

பதில் 3:
புதிய எதிர்ப்பொருள் ஒன்றும் பேசப்படுகிறது. ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெக்ரின் எனும் உயிரணுப் பரப்புப் புரதத்துக்கு எதிரான அது, மற்றொரு குடல் அழற்சி நோயான பெருங்குடல் புண் அழற்சி கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகள் வரை முன்பே சிலரது இரத்தத்தில் இருந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. வியக்கத்தக்கதுதான், ஆனால் அது முதன்மையாகப் பெருங்குடல் புண் அழற்சியைச் சார்ந்தது. உங்கள் அண்ணனுக்கு இருப்பது கிரோன். வலி இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, எடை குறையத் தொடங்கினாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திராமல் குடல் மருத்துவரை அணுகுங்கள். நோயை உறுதிசெய்வது கொலோனோஸ்கோபியும் அதில் எடுக்கும் திசுப் பரிசோதனையுமே.