புழு கடித்த செடி விடும் ஆவிக்கு என்ன சொல்?

நண்பர்களே,

கையேட்டு வரைவில் 'கைரோமோன்' (ஓர் உயிர் விட்டு, அதைப் பெறும் வேற்றினத்துக்கு மட்டும் நன்மை தரும் மணப்பொருள்), 'சைனோமோன்' (விடுவதற்கும் பெறுவதற்கும் நன்மை தருவது) இரண்டுக்குமே 'இனக்கவர்ச்சிப் பொருள்' என்று வந்திருக்கிறது. தவறு. எக்டருக்கு 12 பொறி கட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறோமே, இனக்கவர்ச்சி அதற்குரியது; ஒரே இனத்துக்குள் நடப்பது. படைப்புழு மேய்ந்த மக்காச்சோளம் அழைப்பதோ, அந்தப் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை. 'விளியாவி' எனலாமா? விளி வேற்றுமையில் பழகிய சொல்தான்.

---

> 'விளியாவி' எனலாமா?

ஐயா, 'விளிதல்' என்றால் அழிதலும்தான். 'விளியா ஆவி' என்று பிரித்துப் படித்தால் சாகாத ஆவி ஆகிவிடும். அதைவிடப் பெரிய தடை, யாரை அழைக்கிறது என்பதை வைத்துப் பொருளுக்குப் பெயர் சூட்டுவது. மக்காச்சோள வேரை வேர்ப்புழு கடித்தால் வேர் கேரியோஃபிலீன் என்ற மணப்பொருளை விடுகிறது; அதைப் பின்பற்றி நூற்புழு (நெமட்டோடு) வந்து வேர்ப்புழுவைக் கொல்கிறது. அதே கேரியோஃபிலீன் மற்ற வேர்ப்புழுக்களையும் ஈர்க்கிறது! நூற்புழுவைப் பொறுத்து அது சைனோமோன், வேர்ப்புழுவைப் பொறுத்துக் கைரோமோன். ஆகவே இவை பங்கின் பெயர்கள்: 'இருநலக் குறிப்பி', 'பெறுநர்நலக் குறிப்பி'.

பொருளுக்கு, அது எதனால் பிறந்ததோ அதை வைத்துக் 'கடியாவி' என்கிறேன். கடி என்றால் எச்சிலும் சேர்ந்தது. இலையைக் கத்தரியால் வெட்டினால் உடனே வருவது புல் வெட்டிய பச்சை வாசம், ஆறு கார்பன் ஆல்டிஹைடுகள். புழு எச்சிலில் உள்ள வோலிசிட்டின் (1997இல் அடையாளம் கண்டது) காயத்தில் பட்டால், சில மணி நேரம் கழித்து டெர்ப்பீன்கள் (கேரியோஃபிலீன் போன்ற மணப்பொருள்கள்) மிகுதியாக வரும். சாறு உறிஞ்சிகளுக்கும் சொல் பொருந்தும்; கொசு குத்துவதையும் கொசுக்கடி என்றுதானே சொல்கிறோம்.

---

> 'கடியாவி' என்கிறேன்

'கடியா' என்றால் கடிக்காத; அதே சிக்கல். 'கடிமணம்' என்றாலோ திருமணம். 'கடிவளி' என்று வைப்போம். 'உயிர்வளி' பழகியவர்களுக்கு உடனே விளங்கும். வெட்டியதில் வருவது 'வெட்டுவளி'.

செயல்முறைப் பகுதியில் இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். செடியைப் பையால் மூடி, கரியில் வடித்த காற்றை உள்ளே செலுத்தி, வெளியேறும் காற்றை உறிஞ்சுகுழாயில் பிடிக்கிறோம். பையின் வாயைக் கட்டும்போது ஓர் இலை கசங்கினாலும் போதும், பச்சை வாச ஆல்டிஹைடான ஹெக்ஸீனலின் முகடு பகுப்பாய்வு வரைபடத்தில் எழும்பிவிடும். அதைக் கடிவளி என்று பதிந்துவிடுவார்கள். ஒப்பீட்டுச் செடிக்கும் அதே நீளத்துக்கு வெட்டு, அதில் தண்ணீர் மட்டும். சோதனைச் செடியின் வெட்டில் புழு எச்சில். முதலாவதைக் கழித்து மிஞ்சுவதற்கு மட்டுமே அட்டவணையில் 'கடிவளி' என்று தலைப்பிட வேண்டும்.