மின்னூலுக்குள் எழுத்துரு வழி தவறிய கதை: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

தொடங்குபவர்:

அம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும் தட்டெழுதி, வீட்டாருக்காக ஒரு மின்னூல் செய்தேன். அக்காவிடம் இருப்பது பழைய மின்னூல் கருவி. அதில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆகவே நோட்டோ செரிஃப் தமிழை நூலுக்குள்ளேயே உட்பொதித்தேன். யாரும் தாராளமாக உட்பொதித்துக்கொள்ள அனுமதிக்கும் உரிமத்தில் வரும் எழுத்துரு அது. என் விண்டோஸ் கணினியில் திறந்து பார்த்தேன். அச்சுப் புத்தகம் போல இருந்தது. அக்கா திறந்தபோது, ‘ஆராரோ’ இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள். “பாட்டு எங்கே தம்பி?” என்று கேட்டாள். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

மூன்று இரவுகள் தேடினேன். எழுத்துருவைப் பழித்தேன், கருவியைப் பழித்தேன். கடைசியில் பார்த்தால், ஒரே ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துருக்கள் இருந்த கோப்புறையின் பெயர் பெரிய ‘எஃப்’பில் தொடங்கியது, நூலின் தோற்றத்தைச் சொல்லும் பாணிக்கோப்பில் (CSS) நான் எழுதிய பாதையில் சிறிய ‘எஃப்’. ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பு என்பது உள்ளபடி பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதி. என் கணினியில் இருந்த மென்பொருள் அதை வட்டில் பிரித்து வைத்துப் படித்தது. விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பேதம் பார்ப்பதில்லை. தேடிய கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டது. அக்காவின் கருவி பொதிக்குள் நேராகத் தேடியது. அங்கே இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

இப்படி உங்களுக்கும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள். எங்கே தவறியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் வேண்டும்.

இரண்டாமவர்:

என் சிக்கல் புள்ளிகளில் இருந்தது. நண்பர்களின் கவிதைத் தொகுப்பு அது. பாணிக்கோப்பு முதலில் மேல்மட்டத்தில், எழுத்துருக் கோப்புறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள், பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று பாணிக்கோப்பைத் தனிக் கோப்புறைக்குள் தள்ளினேன். அந்தக் கணமே எழுத்துரு காணாமல் போயிற்று.

பாணிக்கோப்புக்குள் எழுதும் பாதை, அந்தப் பாணிக்கோப்பு இருக்கும் இடத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. அத்தியாயக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது அங்கே பொருட்டே இல்லை. நான் ஒரு படி கீழே இறக்கிவிட்டதால், ஒரு படி மேலே ஏறி வா என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதையின் தொடக்கத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் (../) சேர்த்ததும் கவிதைகள் பழைய முகத்துக்கு வந்துவிட்டன.

ஈபப்பைத் திருத்த உதவும் சிகில் மென்பொருளுக்குள்ளேயே கோப்பின் பெயரை மாற்றினால் அது இணைப்புகளையும் சேர்த்துத் திருத்திவிடும். நான் வெளியே பொதியைப் பிரித்து, கையால் மாற்றினேன். அதனால் வந்த வினை. இன்னொன்று: எழுத்துருவை உள்ளே போட்டால் மட்டும் போதாது, நூலுக்குள் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் ஓபிஎஃப் கோப்பிலும் அதைக் குறிக்க வேண்டும். ஈபப்பில் பிழை தேடும் ஈபப்செக் மென்பொருள் கொண்டு சோதித்தால் இவ்விரண்டு தவறுகளையும் காட்டிக் கொடுத்துவிடும். கோப்பே கிடைக்கவில்லை என்றால் ஆர்எஸ்சி-007, இருந்தும் பட்டியலில் இல்லை என்றால் ஆர்எஸ்சி-008 என்ற பிழை எண் வரும்.

மூன்றாமவர்:

நான் ஒரு பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். எங்கள் மென்பொருள் ஈபப் எடுக்கும்போது எழுத்துருவை யாரும் அப்படியே உருவிக்கொள்ளாதபடி மறைத்து வைக்கிறது. எந்தெந்தக் கோப்பு மறைக்கப்பட்டது என்ற விவரம், ‘மெட்டா-இன்ஃப்’ கோப்புறையில் உள்ள ‘என்கிரிப்ஷன்’ கோப்பில் இருக்கும். நான் எழுத்துருக்களை வேறு கோப்புறைக்கு மாற்றினேன். பாணிக்கோப்பைத் திருத்தினேன், ஓபிஎஃப் பட்டியலைத் திருத்தினேன். இந்த மூன்றாவது இடத்தை மறந்தேன். படிப்புச் செயலிக்குத் தன் முன்னால் இருப்பது மறைக்கப்பட்ட கோப்பு என்றே தெரியவில்லை. பழுதான எழுத்துரு என்று ஒதுக்கிவிட்டது.

திருத்தப் போனால் அங்கே கணக்கு வேறு. இந்தக் கோப்பில் பாதை பொதியின் வேரிலிருந்து, அதாவது அதன் மேல்மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. கோப்பு ‘மெட்டா-இன்ஃப்’புக்குள் இருக்கிறதே என்று இரண்டு புள்ளி போட்டு மேலே ஏறக் கூடாது, வேரிலிருந்து முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் நூலுக்கான பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன் கிடைத்தது. ஓபிஎஃப்பில் இருந்த தற்காலிக அடையாள எண்ணை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். எழுத்துரு மறுபடியும் விழுந்தது. ஈபப் தரநிலையில் உள்ள முறைப்படி, எழுத்துருவின் முதல் 1040 பைட்டுகள் நூலின் அடையாள எண்ணிலிருந்து பிறக்கும் சாவியால் குழப்பி வைக்கப்படுகின்றன. நான் அடையாளத்தை மாற்றியதும் சாவி மாறிவிட்டது, பூட்டு பழையது. பாதை சரியாக இருந்தும் கதவு திறக்காத அந்த நாளை நான் மறக்க மாட்டேன். இப்போதெல்லாம் ஐஎஸ்பிஎன் கைக்கு வந்த பிறகே ஈபப் எடுக்கிறேன்.

நான்காமவர்:

என்னுடையதை நம்புவது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். கோப்புப் பெயரும் தமிழில் இருக்கட்டும் என்ற ஆசையில் எழுத்துருக் கோப்புக்குக் ‘கொன்றை’ என்று பெயர் வைத்தேன். ஈபப் தமிழ்ப் பெயரை ஏற்கும். ஆனாலும் கோப்பு கிடைக்கவில்லை என்று ஈபப்செக் சொன்னது. பாதையிலும் கொன்றை, பொதியிலும் கொன்றை. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

சலித்துப்போய் இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் ஒட்டி, ‘கொ’வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து, பின்னழி விசையை ஒருமுறை தட்டினேன். பாணிக்கோப்பிலிருந்து எடுத்தது ‘க’ ஆயிற்று. பொதியிலிருந்து எடுத்தது ‘கெ’ ஆயிற்று! அப்போதுதான் புரிந்தது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. நான் பொதி கட்டியது, 2017இல் ஹை சியரா என்ற மேக் இயங்குதளம் வருவதற்கு முந்தைய பழைய மேக் கணினியில். அதன் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். நான் தட்டெழுதியதோ ஒரே குறி.

மனமில்லாமல்தான் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துக்கு மாற்றினேன். இடைவெளியும் விடவில்லை. நூலுக்குள் தமிழ் நன்றாகத் தெரிவதற்காக இதைப் பொறுத்துக்கொள்கிறேன், ஆனாலும் வருத்தம் இருக்கிறது.

தொடங்கியவர்:

நான்காமவரே, பின்னழி விசையை வைத்துக் கண்டுபிடித்ததை எழுதி வைத்துக்கொண்டேன். நேற்று திருத்திய கோப்பை அக்காவுக்கு அனுப்பினேன். இரவு அவளே அழைத்தாள். அம்மா அருகில் உட்கார்ந்திருக்க, அக்கா கருவியைப் பார்த்துப் படித்தாள். நான்காவது அடியில் அம்மா குறுக்கிட்டு, அந்தச் சொல் ‘கொழுந்து’ இல்லை, ‘குருத்து’ என்றார். மாற்ற வேண்டியதைக் குறித்துக்கொண்டேன்.