ஒரே சிபியு, இரண்டு மதர்போர்டு, ஸ்கோர் மட்டும் ஏன் இப்படி?

கேள்வி:
கோர் ஐ7-13700கே சிபியுவை இரண்டு போர்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். டிடிஆர்5 ரேம், கூலர், எஸ்எஸ்டி எல்லாம் அதேதான். சிபியு வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 டெஸ்டில், எல்லா கோரும் ஓடும் மல்டி கோரில் விலை அதிகமான போர்டு 30,000-ஐ ஒட்டி வருகிறது, விலை குறைந்தது 24,000-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. சிங்கிள் கோர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். போர்டு பழுதா, இல்லை மலிவான போர்டு என்றாலே இப்படித்தானா? திருப்பிக் கொடுக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

பதில்:
சிங்கிள் கோர் சமமாக வருகிறது என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஒரு கோர் மட்டும் ஓடும்போது சிபியு அவ்வளவாக மின்சாரம் இழுக்காது, எல்லா கோரும் ஓடும்போதுதான் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் மென்பொருள்) இருக்கும் பவர் லிமிட், அதாவது மின்சார வரம்பு, குறுக்கே வரும். இந்த சிபியுவுக்கு இன்டெல் சொல்லும் பேஸ் பவர் 125 வாட், டர்போவில் அதிகபட்சம் 253 வாட். சில போர்டுகள் அந்த லிமிட்டை 4095 வாட் என்று போட்டு வைத்திருக்கும், வரம்பே இல்லை என்று அர்த்தம். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து டெஸ்டை ஓடவிட்டு, சிபியு பேக்கேஜ் பவர் வரியை மட்டும் பாருங்கள். கொஞ்ச நேரம் மேலே நின்றுவிட்டு ஒரு நிமிடத்துக்குள் சட்டென்று 125-க்கு இறங்கினால் பிஎல்1 (நீண்ட நேரத்துக்கான பவர் லிமிட்) வேலை செய்கிறது, போர்டில் பழுதில்லை.

பதில்:
ரேமையும் பாருங்கள். போர்டு மாற்றினால் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) தானாக வராது, 6000 வேக ரேம்கூட 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். சினிபெஞ்சில் இது பெரிதாகத் தெரியாது, கேமில் தெரியும். ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர், போர்டில் இருக்கும் நார்த்பிரிட்ஜ் என்ற சிப்பில் இருந்த காலத்தில் சிப்செட்டைப் பொறுத்து வேகம் உண்மையிலேயே மாறியது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-இலும், இன்டெல் 2008-இல் நெஹலமிலும் அதை சிபியுவுக்குள் கொண்டுபோய்விட்டன. செட்டிங் ஒன்றாக இருந்தால் இன்று இரண்டு போர்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு சதவீதம் வந்தாலே அதிகம்.

பதில்:
பவர் லிமிட்டை ஏற்றுங்கள், ஆனால் விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டின் பகுதி) சூட்டைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். அந்தப் பகுதியின் மாஸ்ஃபெட் சிப்கள் மேல் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கே இல்லாத ஒரு போர்டு என்னிடம் இருந்தது. முதல் பத்து நிமிடம் ஸ்கோர் அருமையாக வரும், அப்புறம் வீடியோ ரெண்டர் பாதியில் விஆர்எம் 110 டிகிரியைத் தாண்டி கிளாக் அப்படியே படுத்துவிடும். அதனால் கேஸை மூடி, டெஸ்டை அரை மணி நேரம் லூப்பில் (திரும்பத் திரும்ப) ஓட விடுங்கள், போர்டுக்கு மூன்று தடவையாவது. அதற்கு முன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், 13, 14-ஆம் தலைமுறை சிபியுக்களின் வோல்டேஜ் பிரச்சினைக்காக 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடோ (சிபியுவுக்கான திருத்தம்) அதற்குப் பிந்தியதோ அதில் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டிலும் பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் பார்த்தேன். விலை குறைந்த போர்டில் 253 வாட்டில் நின்ற பேக்கேஜ் பவர் சரியாக 56-ஆவது நொடியில் 125-க்கு விழுந்தது. மற்றதில் நீங்கள் சொன்ன அதே 4095. இரண்டிலும் பிஎல்1, பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கான லிமிட்) இரண்டையும் 253 ஆக்கி, எக்ஸ்எம்பியையும் போட்டேன். இப்போது ஸ்கோர் வித்தியாசம் 200 புள்ளிக்குள்தான். ஆனால் அரை மணி லூப்பின் முடிவில் விஆர்எம் விலை அதிகமானதில் 68 டிகிரி, விலை குறைந்ததில் 97, அதுவும் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு ரெண்டர் வேலை மணிக்கணக்கில் ஓடும், அதனால் விலை குறைந்ததை நாளைக்கே திருப்பிக் கொடுக்கிறேன்.