புதுப்பிப்பு: மண்ணில்லாத மக்காச்சோளத் தீவனத்தில் பூஞ்சை

மண்ணில்லாமல் ட்ரேயில் மக்காச்சோளத்தை முளைக்க வைத்து மாட்டுக்குப் பசுந்தீவனம் வளர்க்கும்போது, நாலாம் நாள் வெள்ளைப் பூஞ்சை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, விதையும் வெக்கையும்தான்.

உடைந்த மணியில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. விதையைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளிவிடுங்கள். பிறகு 10 லிட்டருக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரில் அரை மணி நேரம் வைத்து, மூன்று தடவை அலசி, 12 மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஈரச்சாக்கில் ஒரு நாள் கட்டி வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். இரண்டடிக்கு ஒன்றரையடி ட்ரேயில் ஒன்றேகால் கிலோ போதும். அதற்கு மேல் போனால் நடுவில் சூடேறிப் புளித்த வாடை வரும்.

மதுரை சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை மட்டும் பத்தாது. மேலே தென்னங்கீற்று, பக்கத்தில் ஈரச்சாக்கு, காற்றுப் போக வழி. ட்ரேயை ஒரு விரல்கடை சாய்த்து வையுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால், வேர்கள் பின்னி உண்டாகும் பாய் அழுகும்.

ரோஸ் நிற மருந்து பூசிய விதைச்சோளம் வேண்டவே வேண்டாம், அது மாட்டுக்கு விஷம். பூஞ்சை பிடித்த பாயையும் கழுவிப் போடாதீர்கள், குப்பைக்குழிதான்.

ஒரு கிலோ விதைக்கு ஐந்தாறு கிலோ பசுந்தீவனம் வரும். பெரும்பகுதி தண்ணீர், ஆகவே வைக்கோலை நிறுத்தாதீர்கள்.