இரண்டாம் வகுப்புத் தமிழுக்கு எந்த இணையதளம்? மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா?

கரும்பலகை:
வடசென்னைத் தொடக்கப்பள்ளிகளில் 2, 3ஆம் வகுப்புத் தமிழ் வாசிப்புக்கு இணையதளங்களைச் சலித்தெடுக்க ஒரு தாள் தயாராகியிருக்கிறது. மொத்தம் 50 மார்க். பாடத்தோடு பொருத்தம் 15, படமும் ஒலியும் 15, பயன்படுத்த எளிமை 10, விளம்பரம் இல்லாமை 10. 35 வாங்கினால் வகுப்பில் காட்டலாம். குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஒற்றுப்பிழை:
பெரிய குறையே இருக்கிறது டீச்சர். தமிழ்ப் பாடத்துக்கான தாளில் எழுத்துக்கு ஒரு மார்க்கூட இல்லை. படம் பளபளவென்று இருந்தால் தப்பும் தவறுமான தளம்கூட 40 வாங்கிவிடும்.

முதலில் ஔ-வைப் பாருங்கள். அது ஒரே எழுத்து. பல தளங்களில் ஒ, ள என்று இரண்டு எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் தட்டி வைத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. உலாவியில் 'பக்கத்தில் தேடு' போய் ஔ என்று தட்டுங்கள். எதிரிலேயே ஔவை இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்றால் அது போலி.

அடுத்து, எழுத்தை இழுத்துச் சேர்க்கும் விளையாட்டுகள். 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக்கி வரிசையாக வைக்கச் சொல்வார்கள். பிள்ளை படிக்க வேண்டியது க் + ஒ = கொ. இங்கே பழகுவதோ ஓவியம் ஒட்டும் வேலை. பிறகு 'கெ' எழுதிக் கால் போட மறக்கும். ஏன் மறந்தது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வோம். இப்படி ஒன்று கண்டாலும் தளம் வெளியே.

வியாசை வாத்தியார்:
ஒரு பிழைக்கு வெளியேன்னா கடைசியில் கரும்பலகையும் சாக்பீசும்தான் மிஞ்சும் சார். கதைத் தளத்தையும் எழுத்துப் பயிற்சித் தளத்தையும் ஒரே தராசில் வைக்காதீங்க. பிரதம் புக்ஸின் சிறுவர் கதைத் தளம் ஸ்டோரிவீவர் 2015இலிருந்து இருக்கு. கதைகள் திறந்த உரிமத்தில் வருது. பிழை இருந்தால் திருத்தி, மூலத்துக்குப் பெயர் குறிப்பிட்டு, அச்செடுத்துக் கொடுக்க யாரும் தடுக்கப் போவதில்லை.

அங்கே என் கவலை எழுத்துப்பிழை இல்லை, படிநிலை. முதல் படி 250 சொல்லுக்குள், இரண்டாம் படி 600 வரைக்கும் என்று சொல்லை எண்ணிப் பிரிக்கிறாங்க. தமிழுக்கு அந்தக் கணக்கு உதவாது. 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு' ஒரு சொல்தான், ஆனால் 15 எழுத்து. ஆங்கிலத்தில் அதுவே நாலைந்து குட்டிச் சொல். மொழிபெயர்த்த கதை மூலத்தின் படிநிலையை அப்படியே சுமந்துகிட்டு வந்தா, முதல் படிக் கதையில் பிள்ளை மூன்றாம் வரியிலேயே முட்டி நிற்கும். அதனால் ஏதாவது இரண்டு பக்கம் எடுத்து, ஆறு எழுத்தைத் தாண்டின சொல் எத்தனை என்று எண்ணுங்க. பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தா அது ஆசிரியர் வாசிக்க, பிள்ளை கேட்க. தானாக வாசிக்கக் கொடுக்காதீங்க.

ஒற்றுப்பிழை:
கதைத் தளத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். பயிற்சித் தளத்துக்கு மாட்டேன், அங்கே நாம் திருத்த வழியே கிடையாது. ஒன்று சேர்க்கிறேன்: இணையத்தில் கிடைக்கும் பழைய சிறுவர் நூல்களின் ஸ்கேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானதில் ணை, லை, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். யானையின் 'னை'யைப் பார்த்து இரண்டாம் வகுப்பு திருதிருவென விழிக்கும். உள்ளடக்கம் தங்கம்தான், ஆனால் மறுதட்டச்சு செய்துதான் தர வேண்டும்.

காசிமேடு காத்து:
எல்லாரும் கண்ணாலயே பாக்குறீங்க, காதால யாரும் பாக்கல. பிள்ளைய வாசிக்கச் சொல்லி, கேட்டு, சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்பு காட்டுற செயலிங்க இருக்கே, அதுக்கு நம்ம ஏரியாவுல தனிச் சோதனை வேணும். இங்க பழம் 'பயம்' ஆகும், வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும். திரையில 'பழம்'னு இருக்கும்போது பெரியவங்க யாராவது வேணும்னே ஒருமுறை 'பயம்', ஒருமுறை 'பலம்'னு சொல்லிப் பாருங்க. ரெண்டுக்கும் பச்சை வந்தா, அந்தச் செயலி உச்சரிப்பைக் கவனிக்கல, ஒப்புக்குத் தலையாட்டுது. ரெண்டுக்கும் சிவப்பு வந்தாலும் குதிக்காதீங்க. சரியா வாசிச்ச பிள்ளைக்கும் சிவப்பு விழும், அடுத்த வாரம் அது வாயே திறக்காது.

ஒற்றுப்பிழை:
அப்படியானால் 'பயம்' என்று வாசிப்பதைச் சரி என்கிறீர்களா? ழ போனால் தமிழே போச்சே ஐயா.

காசிமேடு காத்து:
போகாது சார். பிள்ளை 'பயம்'னு சொல்லிட்டு வாழைப்பழப் படத்தைத் தொட்டா, வாசிப்பு சரி, ஒலி பாக்கி. பயந்த மூஞ்சியைத் தொட்டா எழுத்தையே பிடிக்கல. ரெண்டும் வேற நோய், வேற மருந்து. படத்தைத் தொடவைக்கிற தளம் இதைக் காட்டிக்கொடுக்கும். வெறும் சிவப்பு இதைக் காட்டாது. ஒலி பாக்கிக்குத் திரை எதுக்கு? ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல் அடியில ஒட்டும், ள-வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு மடங்கியும் தொடாம நிக்கும். கண்ணாடி ஒண்ணு போதும்.

வியாசை வாத்தியார்:
இது நல்ல சோதனை. கணினிக் குரல் வாசிக்கிற தளத்துக்கும் ஒன்று வெச்சுக்கலாம்: பக்கம், தங்கம், அகல். மூன்றிலும் க, மூன்றிலும் ஒலி வேறு. மூன்றையும் ஒரே மாதிரி அடிச்சா அந்தக் குரலை நிறுத்திட்டு நீங்களே வாசிங்க.

இன்னொன்று டீச்சர், மொத்த வகுப்பையும் ஒரே திரை முன்னால் உட்கார வைக்காதீங்க. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைப்படி, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிச்சுத்தானே நடத்துறோம்? மலர் குழு கதைத் தளம் பார்க்கட்டும், அரும்புக்கு எழுத்து அட்டைதான். உங்கள் தாளில் 'யாருக்கு' என்ற கேள்வி இல்லை.

கரும்பலகை:
சரி, தாளை மாற்றுகிறேன். எழுத்துப் பிழையும் விளம்பரமும் இனி மார்க் கிடையாது, தேறினால்தான் உள்ளே. பயிற்சித் தளத்துக்கு ஒரு பிழையே போதும் தள்ள, கதைத் தளத்துக்குத் திருத்த முடிந்தால் அனுமதி. ஆறெழுத்துக் கணக்கும் காதுச் சோதனையும் அதற்குப் பிறகு. பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி கேட்கும் தளங்களை என்ன செய்வது?

வியாசை வாத்தியார்:
ஆசிரியர் கணக்கு ஒன்றில் திறந்து காட்டுங்க. பிள்ளை பெயரில் கணக்கு வேணாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் வேணும்னு இருக்கு. அப்பாவோடு வேலைக்குப் போயிடுற போனில் அதை யார் வாங்குவது? வீட்டுக்குன்னா பிடிஎஃப் இறக்கி அச்செடுத்துக் கொடுங்க, வீடியோ இணைப்பு அனுப்பினா பாதிப் பேருக்கு டேட்டா தீர்ந்திருக்கும்.

ஒற்றுப்பிழை:
கதைத் தளத்துக்கு அனுமதி தந்தது பற்றி எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. யார் திருத்துவது, எப்போது? ஒரு கதைக்கு அரைமணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஒரு கதை என்று வரம்பு போட்டால் ஒப்புக்கொள்கிறேன். காதுச் சோதனையில் அரை, அறை இரண்டையும் சேருங்கள்.